சி வரிசை, பதினான்காம் இருக்கை

ஆலங்கிணறு மின்னல்கள் அணி திருச்சி அணியை இரண்டே புள்ளியில் ஜெயித்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொல்லும் பூங்கோதையின் குரல் அவளோடு வீட்டுக்குப் போகாமல் உள்விளையாட்டரங்கத்திலேயே தங்கிவிட்டது.

தங்கிவிட்டது என்றுதான் ஊரில் சொன்னார்கள். தொண்டை கட்டிவிட்டது என்றோ, குரல் தொலைந்துவிட்டது என்றோ ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. கல்யாணத்துக்குப் போன சித்தி, அந்த வீட்டு மனுஷர்களைப் பிடித்துப்போய், இன்னும் நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியனுப்புவதில்லையா, அப்படித்தான் இதையும் எடுத்துக்கொண்டார்கள்.

பூங்கோதைக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வருஷமாக அவள் பேருந்து நிலையத்தில், கட்டணக் கழிப்பிடத்துக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். டைம் கீப்பர் சங்கரலிங்கம் கதவிடுக்கு வழியாகத் துண்டுச் சீட்டை நீட்டுவார். சீட்டில் இருக்கிற பஸ்ஸை அவள் ஊருக்குச் சொல்லுவாள். பயணிகளின் கனிவான கவனத்திற்கு, சங்கரன்கோவில் வழியாக ராஜபாளையம் செல்லும் பேருந்து இரண்டாவது நடைமேடையிலிருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்டுப் பரீட்சை எழுதப் போனவர்கள், பெண் பார்க்கப் போனவர்கள், சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவர்கள், சமாதானமாகித் திரும்பி வந்தவர்கள் என்று ஊரில் பாதிப்பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தர் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. வீட்டிலும் அவள் பேச்சு ஏறக்குறைய அறிவிப்பு மாதிரிதான் இருக்கும். சாப்பாடு ரெடி. பால்காரர் வந்தாச்சு. நாளைக்குத் தண்ணி வராது. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்த அவள் புருஷன் தங்கப்பழம் கெட்டவன் இல்லை. எல்லா அறிவிப்புக்கும் ஒரே மாதிரி தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவான்.

அவள் கூடைப்பந்துக்கு வந்தது ஓசி டிக்கெட்டில். பெண்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிற லீக் ஒன்றைத் தொடங்கி எட்டு ஊருக்கு எட்டு அணி என்று பிரித்தபோது, ஏழு பெரிய ஊர்கள் முடிந்து, எட்டாவதாக அரங்கத்துக்குக் கூரை உள்ள ஊர் வேறு எதுவும் கிடைக்காததால் ஆலங்கிணற்றுக்கு ஓர் அணி வந்து சேர்ந்தது. முதல் ஆட்டத்துக்குக் கூட்டம் சேராமல், அணிக்காரர்கள் பேருந்து நிலையத்தில் நின்று போகிற வருகிறவர்கள் கையிலெல்லாம் டிக்கெட்டைத் திணித்தார்கள். கையில் வந்ததை வீணாக்க மனசு வராமல் பூங்கோதை போனாள். முதல் பத்து நிமிஷம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பத்துப் பேர் இந்தப் பக்கம் ஓடினார்கள், அதே பத்துப் பேர் அந்தப் பக்கம் ஓடினார்கள், நடுவர் விசிலடித்துக் கையால் ஏதேதோ ஜாடை காட்டினார். பிறகு பதினோராம் நம்பர் சட்டை போட்ட ஒரு பெண், ஐந்தடி மூன்றங்குலம் இருப்பாள், தென்னந்தோப்புக்குள் புகுந்த அணில் மாதிரி ஆறடிப் பெண்களுக்கு நடுவே நுழைந்து, அவர்களில் ஒருத்தி தரையில் தட்டிக்கொண்டிருந்த பந்தை அவள் அறியாமலே எடுத்துக்கொண்டு ஓடினாள். "அப்படித்தான்!" என்று யாரோ கத்தினார்கள். பூங்கோதை யாரென்று திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பதினோராம் நம்பரின் பெயர் சுடர்க்கொடி. வயது இருபத்து மூன்று. கழுகுமலைப் பக்கத்துப் பிள்ளை, அம்மா தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தாள். பந்தை எடுத்து வந்து யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கிற இடத்தில் ஆடினாள். அன்றிலிருந்து பூங்கோதை ஓர் ஆட்டம் விடவில்லை. நாற்பது பக்க நோட்டில் விதிகளை எழுதிப் படித்தாள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை அடி நடக்கலாம், இருபத்து நாலு விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறியாவிட்டால் என்ன ஆகும், ஐந்தாவது ஃபவுலுக்கு ஏன் வெளியே அனுப்புகிறார்கள் எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த அரங்கத்தில் அவளுக்கு அறிவிக்க எதுவும் இல்லை. அதனால் வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள்.

திருச்சி ஆட்டத்தில் கடைசி மூன்று விநாடி இருந்தபோது மின்னல்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பந்து சுடர்க்கொடி கையில், அவள் மைதானத்தின் நடுக்கோட்டில், முன்னால் இரண்டு பேர் கையை விரித்துக்கொண்டு. பூங்கோதை எழுந்து நின்று "போடு!" என்றாள். சாதாரணப் போடு இல்லை அது. ஜன்னல் இல்லாத அறையில் பத்தொன்பது வருஷம் கனிவாகப் பேசியதெல்லாம் அடிவயிற்றில் கிடந்து, புரண்டு, திரண்டு, நெஞ்சுக்கு ஏறி, தொண்டையைத் தாண்டி, அரங்கத்தின் தகரக் கூரை வரைக்கும் போய் அங்கே முட்டி, நாலு சுவருக்கும் பரவிய போடு. சுடர்க்கொடி போட்டாள். பந்து பாதி மைதானத்தைக் காற்றில் கடந்து பலகையில் படாமல் வளையத்துக்குள் விழுந்தது, மூன்று புள்ளி. ஜனங்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள், பாப்கார்ன் கொட்டியது, எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

ஆட்டோக்காரர் "எங்கக்கா, வீட்டுக்கா?" என்று கேட்டபோது பூங்கோதை வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அதே நேரத்தில் அரங்கத்தைப் பூட்டிச் சாவி வைத்திருக்கும் அருளப்பன் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தவர், கடைசி விளக்கின் சுவிட்சில் கையை வைத்ததும் மேலிருந்து ஒரு பொம்பளைக் குரல், "அண்ணாச்சி, அது ஒண்ணாவது இருக்கட்டுமே," என்றது. அருளப்பன் அண்ணாந்து பார்த்தார். ஆள் இல்லை. "சரிம்மா," என்று அந்த ஒரு விளக்கை விட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் மனைவியிடம் சொல்லி ஒரு டம்ளர் காப்பி கூடுதலாக வாங்கிக்கொண்டு வந்து, குரலுக்குக் காப்பி குடிக்க முடியாது என்று தெரிந்ததும் அதையும் தானே குடித்தார்.

காது மூக்கு தொண்டை டாக்டர் பூங்கோதையின் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "தொண்டை பளிச்சுனு இருக்கு. குரல்தான் ஊர்ல இல்ல," என்றார். "வரும்போது வரட்டும். அதுவரைக்கும் வெந்நீர் குடிச்சு எடத்தைச் சுத்தமா வச்சுக்கோங்க."

சிக்கல் பேருந்து நிலையத்தில்தான் வந்தது. பூங்கோதைக்குப் பதிலாக வேறொரு பெண்ணை மைக்கின் முன் உட்கார வைத்தார்கள். நல்ல குரல், தெளிவான உச்சரிப்பு, ஆனால் ஆலங்கிணற்றுக்காரர்கள் அந்தக் குரல் சொன்ன பஸ்ஸில் ஏற மறுத்தார்கள். பஸ்ஸின் நெற்றியில் தென்காசி என்று எழுதியிருந்தாலும், கண்டக்டர் தென்காசி தென்காசி என்று கூவினாலும், பூங்கோதையின் குரல் சொல்லாத வரைக்கும் அது தென்காசிக்குப் போகும் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார்கள். மூன்று நாள் பஸ்கள் காலியாகப் போய்க் காலியாக வந்தன. சங்கரலிங்கம் வருகைப் பதிவேட்டில் பூங்கோதைக்கு நேராக 'பாதி ஆஜர்' என்று எழுதிவிட்டு, கேபிள் டிவி நடத்தும் செய்யது இப்ராகிமைக் கூட்டிக்கொண்டு அரங்கத்துக்குப் போனார்.

பேச்சுவார்த்தை அரைமணி நேரம் நடந்தது. கடைசியில் குரல் சம்மதித்தது: பஸ் அறிவிப்பை இங்கிருந்தே சொல்லும், ஆனால் ஆட்டம் நடக்கும்போது யாரும் தொந்தரவு செய்யக்கூடாது. செய்யது இப்ராகிம் கம்பத்துக்குக் கம்பம் ஒயர் இழுத்து அரங்கத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்தார். சங்கரலிங்கம் போனில் பஸ் பெயரைச் சொல்ல, அருளப்பன் போனைக் கூரை பார்க்கத் தூக்கிப் பிடிக்க, குரல் மைக்கில் சொன்னது. ஜனங்கள் நிம்மதியாக பஸ் ஏறினார்கள். மின்னல்கள் பயிற்சி செய்யும் நேரங்களில் மட்டும் கொஞ்சம் கலந்து வந்தது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, கோவில்பட்டி வழியாக விருதுநகர் செல்லும் பேருந்து, ஏட்டி, கையத் தூக்கு, கையத் தூக்கு, அவ உள்ள வாறா பாரு, நான்காவது நடைமேடையிலிருந்து புறப்படும்." விருதுநகர் பயணிகள் கையைத் தூக்கிக்கொண்டே பஸ்ஸில் ஏறினார்கள். ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

வீட்டில் தங்கப்பழத்துக்குத்தான் நாள் நகரவில்லை. வீட்டில் சத்தம் இருந்தது என்பதே சத்தம் நின்ற பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. எட்டாம் நாள், பூங்கோதை பேருந்து நிலையத்தில் பாதி ஆஜராக உட்கார்ந்திருந்த நேரத்தில், ரேஷன் கார்டைத் தேடிக் களைத்து, கடையைப் பூட்டிவிட்டு அரங்கத்துக்கு வந்தான்.

கூரையைப் பார்த்து, "ரேஷன் கார்டு எங்க இருக்கு?" என்றான்.

"பீரோவுல மேல் தட்டுல நீலப் பைக்குள்ள. இருபத்திரண்டு வருஷமா அங்கதான் இருக்கு," என்றது குரல். "அதைக் கேக்கவா இம்புட்டு தூரம் வந்திய? நல்லாருக்கியான்னு கேக்க வரலியா?"

மைக் போட்டபடி இருந்தது. நாலு நடைமேடையிலும் ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். குரல் தொடர்ந்து சொன்னது: இருபத்திரண்டு வருஷத்தில் அவன் அவளைக் கேட்ட கேள்விகள் மொத்தம் எத்தனை, அதில் பொருள் எங்கே இருக்கிறது என்ற கேள்விகள் எத்தனை, அவனுக்குப் பிடித்த குழம்பு அவளுக்குத் தெரியும், அவளுக்குப் பிடித்த குழம்பு அவனுக்குத் தெரியுமா. தங்கப்பழம் வெகுநேரம் யோசித்தான். "கத்திரிக்காயா?" என்றான். "இல்லை," என்றது குரல், மொத்தப் பேருந்து நிலையத்துக்கும். அன்று மாலை வீட்டுக்கு வந்த பூங்கோதைக்கு முன்னால் அவன் ஒரு பேப்பரும் பேனாவும் கொண்டுவந்து வைத்து, எதிரே உட்கார்ந்தான். அவள் எழுதினாள்: பருப்பு உருண்டைக் குழம்பு.

ஆட்டங்களைப் பற்றித்தான் அடுத்த தகராறு. மின்னல்கள் சொந்த ஊரில் வரிசையாக ஜெயித்தார்கள். கூரையிலிருந்து குரல், இடது பக்கம் ஆள் இல்லை, பின்னால் வருகிறாள், இப்போது கொடு, இப்போது போடு என்று எல்லாவற்றையும் சொன்னது. எதிரணிப் பயிற்சியாளர்கள் சேர்ந்து புகார் கொடுத்தார்கள், ஆலங்கிணற்றில் ஐந்து பேருக்குப் பதில் ஆறு பேர் ஆடுகிறார்கள் என்று. லீக்கின் விதிக்குழு மூன்று பேரை அனுப்பியது. அவர்கள் விதிப் புத்தகத்தை முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை புரட்டினார்கள். பார்வையாளர்கள் கத்தலாம் என்று இருந்தது. கத்துகிறவர் தன் கத்தலுக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்று எங்கும் இல்லை. ஆகவே குரல் ஒரு பார்வையாளர் என்றும், பார்வையாளர் என்பதால் டிக்கெட் இல்லாமல் உள்ளே இருக்கக்கூடாது என்றும் தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டு, அருளப்பன் வாங்கிவந்த வடையைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆட்ட நேரத்துக்கு மட்டும் குரலுக்கு சி வரிசையில் பதினான்காம் இருக்கை ஒதுக்கப்பட்டது; மற்ற நேரம் அது கூரையிலேயே இருந்தது. பக்கத்தில் பதினைந்தில் பூங்கோதை உட்கார்ந்தாள். தன் குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது, ஊர்த் திருவிழாவில் சத்தம் போட்டுச் சிரிக்கும் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனது மாதிரி இருந்தது அவளுக்கு. கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் பெருமை. குரல் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியூர் ஆட்டங்களில் மின்னல்கள் தோற்றார்கள். எல்லாவற்றிலும் தோற்றார்கள். இருந்தாலும் சொந்த ஊர் வெற்றிகளே போதுமென்று ஆகி, கோவை அணியோடு இறுதி ஆட்டம் ஆடத் தகுதி பெற்றார்கள். சீட்டு குலுக்கிப் பார்த்ததில் ஆட்டம் ஆலங்கிணற்றில் என்று விழுந்தது. ஊர் அப்போதே கோப்பையை வைக்க நகராட்சி அலுவலகத்தில் ஒரு கண்ணாடி அலமாரி செய்யச் சொல்லிவிட்டது.

இறுதி ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை மத்தியானம், சுடர்க்கொடி பூங்கோதையின் வீட்டுக்கு வந்தாள். அவளை இவ்வளவு பக்கத்தில் பூங்கோதை பார்த்ததில்லை. முழங்காலில் பழைய காயத்தின் தழும்புகள் இருந்தன. விரல்களில் இரண்டுக்குக் கட்டுப் போட்டிருந்தாள். தண்ணீர் கொடுத்தாள் பூங்கோதை. அந்தப் பெண் தம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"எக்கா, தப்பா நெனச்சிராதிய," என்றாள் கடைசியில். கரகரத்த, தாழ்ந்த குரல். "ஒங்க குரல கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லணும்."

பூங்கோதை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இங்க ஜெயிச்சா குரல் ஜெயிச்சிட்டுன்னு சொல்லுதாங்க. வெளியூர்ல தோத்தா கொடி தோத்துட்டான்னு சொல்லுதாங்க. அதுகூடப் பரவால்லக்கா. பந்து கைக்கு வந்ததும் எனக்கு உள்ள ஒண்ணு தோணும். அது தோணுததுக்கு முந்தியே மேல இருந்து சத்தம் வந்துருது. சரியாத்தான் சொல்லுது, தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்பல்லாம் எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. வெளியூர்ல பந்த வச்சிக்கிட்டு யாராவது சொல்லுவாங்களான்னு நிக்கேன்." அவள் தண்ணீரைக் குடித்தாள். "ஞாயித்துக்கிழமை இந்தியா டீமுக்கு ஆள் எடுக்கிறவங்க வாறாங்க. அவங்க முன்னாடியும் அப்படியே நின்னுருவேனோன்னு பயமா இருக்கு."

ஆட்டத்துக்கு ஆட்டம் அவள் பேரைச் சொல்லிக் கத்திய பூங்கோதைக்கு அந்தப் பிள்ளை ஒரு நாளும் மைதானத்தில் வாயைத் திறந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மற்ற அணிகளில் அந்த இடத்தில் ஆடுகிறவர்கள்தான் அதிகம் கத்துவார்கள். நோட்டிலேயே எழுதி வைத்திருந்தாள். பூங்கோதை அவள் கட்டுப் போட்ட விரல்களை ஒரு தடவை பிடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அரங்கத்தில் அருளப்பன் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூங்கோதை மைதானத்தின் நடுவட்டத்தில் போய் நின்று வாயை அசைத்தாள். அவளுக்கு இருந்ததே ஒரு குரல்தான், அதுவும் கூரையில் இருந்தது. ஆகையால் அவள் சொல்லவேண்டியதையும் அதுவேதான் சொல்லவேண்டியிருந்தது. அவள் உதடு அசையும்போது தணிந்தும், அசையாதபோது ஓங்கியும், ஒரே குரல் தன்னோடு தானே சண்டை போட்டது. அருளப்பன் துடைப்பத்தில் சாய்ந்து நின்று கேட்டார்.

"அந்தப் பிள்ளைய விட்டுரு," என்றது தணிந்து.

"நான் என்ன செஞ்சேன்? இடது பக்கம் ஆள் இல்லேன்னு சொன்னேன். இல்லையா?"

"இல்லதான்."

"பின்ன?"

"அவளுக்கும் கண்ணு இருக்கு."

"நான் இல்லாட்டி அவ ஜெயிச்சிருவாளா?"

"தெரியாது. நீ இருக்க வரைக்கும் யாருக்கும் தெரியப் போறதில்ல."

ஓங்கிய குரல் இன்னும் ஓங்கியது. "பத்தொன்பது வருஷம் என்னை என்ன சொல்ல வச்சே? சீட்டுல எழுதினதச் சொன்னேன். ஒரு வார்த்தை எனக்குன்னு சொன்னேனா? இங்க வந்துதான் நெனச்சதச் சொல்லுதேன். அதையும் வாயை மூடுன்னு சொல்ல நீ யாரு?"

பூங்கோதையின் உதடு அசைந்தபோது வந்த சத்தம் அருளப்பனுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நமக்கு வாயத் தொறக்க நாப்பத்தாறு வயசாச்சு. அவளுக்கும் அத்தனை ஆகணுமா?"

அவள் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போன் அடித்தது. அருளப்பன் தூக்கிப் பிடித்தார். புளியங்குடி பஸ் முதலாவது நடைமேடையிலிருந்து புறப்படும் என்று குரல் மிகவும் கனிவாகச் சொன்னது. சம்மதித்ததா, கோபித்துக்கொண்டதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

விஷயம் அரைமணி நேரத்தில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் நகராட்சித் தலைவர் கலாவதி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பூங்கோதை வீட்டுக்கு வந்தார். "இந்த ஒரு ஆட்டம் கத்தட்டும்மா. அப்புறம் அதுக்கு எவ்வளவு ஓய்வு வேணுமோ எடுத்துக்கட்டும். அலமாரிக்குக் கண்ணாடி போட்டாச்சு." பூங்கோதை பேப்பரில் எழுதிக் காட்டினாள்: 'அது என் பேச்சைக் கேட்காது.' கலாவதி அதைப் படித்துவிட்டு, எழுதியது வருத்தமா கிண்டலா என்று தெரியாமல் காப்பியைக் குடித்தார். போகும்போது கூட வந்தவர்களில் ஒருவர், தோற்றால் ஊர் யாரைக் கேட்கும் என்று வாசலில் நின்று சத்தமாகச் சொன்னார். தங்கப்பழம் எழுந்து வந்து, "என்னைக் கேளுங்க. கடைலதான் இருப்பேன்," என்றான். பூங்கோதை அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூவாயிரம் பேர் வந்தார்கள். தங்கப்பழம் முதல் தடவையாக வந்து பதினாறில் உட்கார்ந்தான். "பதினாலுல இருக்கா?" என்று பூங்கோதையின் காதில் கேட்டான். இருக்கிறது என்று அவள் தலையசைத்தாள். பக்கத்தில் மூச்சு மாதிரி ஒரு சூடு இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. குரல் பேசவில்லை.

ஜனங்களுக்கு முதலில் புரியவில்லை. கோவைப் பெண்கள் வேகமாக வந்தார்கள், நீளமாகக் கொடுத்தார்கள், ஆறு புள்ளி, பத்துப் புள்ளி முன்னால் போனார்கள். சுடர்க்கொடி பந்தை வைத்துக்கொண்டு நடுக்கோட்டில் நின்றாள். அவள் கண் சி வரிசைக்குப் போனது. அதற்குள் ஒரு கை வந்து பந்தைத் தட்டிக்கொண்டு போனது. ஜனங்கள் எழுந்து பதினான்காம் இருக்கையைப் பார்த்துக் கத்தினார்கள், கெஞ்சினார்கள். சில பேர் திட்டினார்கள். இருக்கை சும்மா இருந்தது. பாதி ஆட்டம் முடிந்தபோது பன்னிரண்டு புள்ளி வித்தியாசம். பூங்கோதை இரண்டு கையாலும் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பத்து நிமிஷத்தில் ஊர் களைத்துப்போய் மெல்ல அடங்கியது. ஓடுகிற காலணிகளின் கீச்சொலியும் பந்து தரையில் மோதுகிற சத்தமும் மட்டும். அந்த அமைதியில் யாரோ "ரோஸு, பின்னாடி!" என்றார்கள். கரகரத்த குரல், மணலில் தகரத்தை இழுத்த மாதிரி. மூவாயிரம் பேரும் பதினான்கைப் பார்த்தார்கள். பிறகு மைதானத்தில் சுடர்க்கொடியைப் பார்த்தார்கள். மின்னல்களின் நெட்டைப் பெண் ரோஸ்லின் திரும்பி, பின்னால் வந்தவளிடமிருந்து பந்தைக் காப்பாற்றி, போட்டாள். இரண்டு புள்ளி.

"இன்னொண்ணு," என்றது அந்தத் தகரக் குரல். "பவானி, ஓரத்துக்குப் போ. போன்னா போ!"

அது அழகான குரல் இல்லை. நடுவில் உடைந்தது, சில வார்த்தை பாதியில் நின்றது, ஒரு தடவை தப்பாகச் சொல்லி எதிரணிக்கு இரண்டு புள்ளியையும் விட்டுக்கொடுத்தாள்; உடனே நெஞ்சில் தட்டி, "என் தப்பு, என் தப்பு, ஓடுங்க," என்றாள். ஆனால் எட்டு ஆயிற்று, ஐந்து ஆயிற்று, மூன்று ஆயிற்று. கடைசியில் ஒரு புள்ளிதான் பாக்கி, ஏழு விநாடி, பந்து அவள் கையில். நடுக்கோட்டுக்கு அந்தப்பக்கம் இரண்டு பேர் கையை விரித்து நின்றார்கள். திருச்சியோடு நின்ற அதே இடம்தான். ஊர் முழுக்க போடு என்று கத்துவதற்கு வாயைத் திறந்தது. பதினான்கிலிருந்து அந்தச் சூடு எழுந்து நின்றதைப் பூங்கோதை உணர்ந்தாள். கையை நீட்டினாள், ஒரு கையைப் பிடிப்பது மாதிரி. அது அவள் கைக்குள் அடங்கி நின்றது.

சுடர்க்கொடி போடவில்லை. "ரோஸு, உள்ள வா!" என்று கத்தி, இரண்டு பேரின் கைகளுக்கும் கீழாகப் பந்தைத் தரையில் தட்டி அனுப்பினாள். ரோஸ்லின் வாங்கினாள், எம்பினாள், பந்து பலகையில் பட்டு, வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, நின்று யோசித்து, விழுந்தது.

அந்தக் கூச்சலில் யார் கத்தினார்கள், யார் கத்தவில்லை என்று யாருக்குத் தெரியும். தங்கப்பழம் முன்பின் தெரியாத ஒருவரைத் தூக்கிச் சுற்றினான். கலாவதி மேஜை மேல் ஏறினார். கூட்டம் கலைந்து, மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜனங்கள் வெளியேறிய பிறகு அருளப்பன் சி வரிசைக்கு வந்து காலி இருக்கையிடம், "சந்தோஷம்தானே தாயி?" என்று கேட்டார்.

"சந்தோஷம்தான் அண்ணாச்சி," என்றாள் பதினைந்தில் இருந்த பூங்கோதை. சொன்ன பிறகுதான் தொண்டையில் கையை வைத்துப் பார்த்தாள்.

செய்யது இப்ராகிம் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனார். சங்கரலிங்கம் பதிவேட்டில் முழு ஆஜர் போட்டார். பத்து நாள் கழித்து, மாலை நாலரை மணிக்கு, இந்திய அணித் தேர்வு முகாமுக்காக சுடர்க்கொடி பெங்களூர் பஸ் ஏற வந்தாள். தோளில் ஒரு பெரிய பை, கையில் அம்மா கொடுத்துவிட்ட முறுக்கு டப்பா. கதவிடுக்கு வழியாகச் சீட்டு வந்தது. பூங்கோதை மைக்கைப் போட்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்று தொடங்கினாள். நிறுத்தினாள். மைக்கை அணைத்துவிட்டு எழுந்து கதவைத் திறந்துகொண்டு நடைமேடைக்கு வந்தாள். வெளிச்சத்தில் கண் கூசியது. எத்தனை ஜனம், எத்தனை முகம் என்று ஒரு நிமிஷம் திகைத்துப் போனாள்.

சுடர்க்கொடி பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். பூங்கோதை அவள் முன்னால் போய் நின்றாள். வாழ்த்து என்று நிறைய யோசித்து வைத்திருந்தாள்.

"இடது கை இன்னும் பலவீனமாத்தான் இருக்கு," என்றாள். "அதைப் பாத்துக்கோ."

"தெரியும்க்கா," என்று சுடர்க்கொடி சிரித்தாள். "பாத்துக்கிடுதேன்."

பஸ் யாரும் அறிவிக்காமலே புறப்பட்டுப் போனது. அது மூலையில் திரும்பும் வரை பூங்கோதை நின்றாள். திரும்பியபோது நாலு நடைமேடையிலும் மூட்டை முடிச்சோடு நின்றிருந்த அத்தனை பேரும், தங்கள் பஸ் எது என்று அவள் சொல்வதற்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பாக்கிய?" என்றாள் பூங்கோதை, மைக் இல்லாமல், கடைசிப் பஸ் வரைக்கும் கேட்கும்படி. "போர்டுல எழுதிப் போட்டிருக்குல்ல? படிச்சுப் பாத்து ஏறுங்க."